குடிசை தேய்ந்து ‘ஷே’ ஆன கதை

கேள்வி இதுதான்: பிரெஞ்சில் மூச்சுக்கு ஒரு தரம் வரும் ‘ஷே’ என்ற சொல்லுக்கு அகராதி ‘வீட்டில்’ என்று பொருள் சொல்கிறது. ஆனால் பாடப்புத்தகத்தில் டாக்டரிடம் போவதற்கும் ‘ஷே’, பழைய கிரேக்கர்களின் வழக்கத்தைச் சொல்லவும் ‘ஷே’, ஒருவருடைய குணத்தைப் பாராட்டவும் ‘ஷே’. அப்படியானால் இதற்கு உண்மையில் என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

அகராதி சொல்வது சரிதான், ஆனால் பாதிதான் சரி. ‘ஷே’ ஒரு காலத்தில் வீடாக இருந்தது. இன்று அது நம் ‘இடம்’ என்ற உருபு செய்கிற வேலையைச் செய்கிறது. ‘என்னிடம்’, ‘அவரிடம்’ என்கிறோமே, அந்த ‘இடம்’. பேச்சில் சொன்னால் ‘கிட்ட’. நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் வைக்கிறார்கள். ‘ஷே ம்வா’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘இடம்-என்’.

பல வருடமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ் பேசும் மாணவர்கள் இந்தச் சொல்லில் தடுமாறுவதற்கு ஒரே காரணம், அதை ஆங்கிலம் வழியாகப் படிப்பதுதான். ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் கிடையாது. தமிழில் இருக்கிறது. “டாக்டர்கிட்ட போனேன்” என்கிறோம், “ஆஸ்பத்திரிக்குப் போனேன்” என்கிறோம். “ஆஸ்பத்திரிகிட்ட போனேன்” என்று சொன்னால் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பியதாக ஆகிவிடும். ஆளுக்கு ஒரு உருபு, இடத்துக்கு வேறு உருபு. பிரெஞ்சும் அச்சு அசலாக இதையே செய்கிறது. டாக்டரிடம் போனால் ‘ஷே ல மேத்ஸன்’, ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘ஆ லோப்பிதால்’. ரொட்டிக்காரரிடம் போனால் ‘ஷே’, ரொட்டிக்கடைக்குப் போனால் ‘ஆ’. கடை ஒன்றுதான், வாங்கப்போகும் ரொட்டியும் ஒன்றுதான். நீங்கள் ஆளைச் சொல்கிறீர்களா, கட்டடத்தைச் சொல்கிறீர்களா என்பதைப் பொறுத்து முன்னால் வரும் சொல் மாறும்.

இந்தப் பொருத்தம் இன்னும் ஆழமாகப் போகிறது. “அவனிடம் எனக்குப் பிடித்தது அவன் பொறுமை” என்பதைப் பிரெஞ்சில் சொல்ல ‘ஷே லுயி’ போதும். அவன் வீட்டில் எனக்குப் பிடித்தது என்று அர்த்தமில்லை. அவன் என்ற ஆளுக்குள் குடியிருக்கும் குணம். “கம்பனிடம் இந்த உவமை அடிக்கடி வரும்” என்று நம் இலக்கிய ஆசிரியர்கள் எழுதுவது போலவே, மொலியேரின் நாடகங்களில் காணப்படும் ஒன்றை ‘ஷே மொலியேர்’ என்று எழுதுவார்கள். “குழந்தைகளிடம் இந்தக் காய்ச்சல் கடுமையாக இருக்கும்” என்று மருத்துவக் கட்டுரை சொன்னால் அங்கேயும் ‘ஷே’. தேனீக்களிடம் காணும் ஒழுங்குக்கும் ‘ஷே’. ரோமானியர்களிடம் இருந்த வழக்கத்துக்கும் ‘ஷே’. ‘வீட்டில்’ என்று போட்டுப் பாருங்கள், ஒன்றும் பொருந்தாது. ‘இடம்’ போட்டால் எல்லாம் தானாக உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. ‘இடம்’ என்ற உருபுக்கு நாம் கொடுத்திருக்கும் இரண்டு வேலைகள் ‘ஷே’வுக்குக் கிடையாது. ஒன்று, பேசுவதும் கேட்பதும் கொடுப்பதும். “அவரிடம் கேட்டேன்” என்பதை ‘ஷே லுயி’ என்று எழுதினால், அவர் வீட்டில் வைத்து வேறு யாரிடமோ கேட்டதாகப் படிப்பார்கள். இரண்டாவது, கையில் வைத்திருப்பது. “என்னிடம் நூறு ரூபாய் இருக்கிறது” என்பதற்கு ‘ஷே ம்வா’ போட்டால் பணம் வீட்டில் இருக்கிறது, கையில் இல்லை என்று ஆகிவிடும். கடன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் அந்த வாக்கியம் உதவலாம்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு, முதல் வருட மாணவர்கள் எல்லோருமே செய்வது. “வீட்டில் இருக்கிறேன்” என்பதை அப்படியே எடுத்து ‘தான் மா மேஸோன்’ என்று எழுதிவிடுவார்கள். ‘மேஸோன்’ என்றால் வீடு, ‘தான்’ என்றால் உள்ளே. இலக்கணப்படி தப்பில்லை. கேட்கிறவருக்கோ, என் வீட்டுக் கட்டடத்தின் நான்கு சுவருக்குள்ளே நிற்கிறேன் என்பது போல் இருக்கும், ஏதோ மழைக்கு ஒதுங்கியவர் மாதிரி. அடுக்குமாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு ‘மேஸோன்’ என்ற சொல்லே பொருந்தாது, அது தனிவீடு. ‘ஷே ம்வா’ என்றால் போதும். ஒண்டுக்குடித்தனமோ அரண்மனையோ, அது உங்கள் இடம்.

சரி, இது எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘காஸா’ என்று ஒரு சொல். ஸ்பானிஷ், இத்தாலியன், போர்த்துகீசிய மொழிகளில் இன்றும் வீட்டுக்கு அதுதான் பெயர். பழைய ரோமாபுரியில் அது வீடு அல்ல, குடிசை. வசதியானவர்கள் வாழும் நல்ல வீடு ‘தோமுஸ்’. மண்ணும் கூரையுமாக ஏழை உழவன் கட்டிக்கொள்வது ‘காஸா’. ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸ் வாழ்ந்த குடிசை என்று பலத்தீன் குன்றில் ஒரு கூரைக் குடிசையைப் பாதுகாத்து வந்தார்கள். சுற்றிலும் பளிங்கு மாளிகைகள் எழும்பிய பிறகும் கூரை பழுதானால் மாற்றி வேய்ந்து அதை நிற்கவைத்தார்கள். அதற்குப் பெயர் ‘காஸா ரோமுலி’. பேரரசு சரிந்தபோது ‘தோமுஸ்’ பெரும்பாலான ஊர்களில் பேச்சிலிருந்து போய்விட்டது. கடவுளின் வீடு என்ற பொருளில் இத்தாலியப் பேராலயங்களின் பெயரில் ‘துவோமோ’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடிசைச் சொல்தான் பிழைத்து, பல நாடுகளில் வீட்டுக்கே பெயரானது.

பிரான்சில் கதை வேறு மாதிரி போயிற்று. அங்கே ‘தங்குதல்’ என்ற வினையிலிருந்து வந்த ‘மான்ஸியோ’ என்ற சொல் வீட்டுக்குப் பெயராகி, ‘மேஸோன்’ என்று நிலைத்துவிட்டது. ரோமானியச் சாலைகளில் வழிப்பயணிகள் தங்கிச் செல்லும் இடத்துக்கு இருந்த பெயர் அது. ‘காஸா’ பழைய பிரெஞ்சில் ‘சியேஸ’ என்று கொஞ்ச காலம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் பெயர்ச்சொல்லாகச் செத்தே போய்விட்டது. ஆனால் ஒரு தொடரில் மட்டும் மாட்டிக்கொண்டு தப்பித்தது. ‘இன் காஸா’ என்றால் ‘இன்னார் வீட்டில்’. 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் இது ‘என் சியேஸ்’, அப்புறம் முன்னால் இருந்த ‘என்’னும் உதிர்ந்து வெறும் ‘சியேஸ்’. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது போல.

‘காஸா’வுக்கும் ‘ஷே’வுக்கும் காது கேட்க ஒற்றுமையே இல்லையே என்று தோன்றும். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் இதற்கான சாட்சி தமிழ்நாட்டு வழக்கிலேயே இருக்கிறது. முதல்வரை ‘சீஃப் மினிஸ்டர்’ என்கிறோம். ஓட்டல் சமையல் தலைவரை ‘ஷெஃப்’ என்கிறோம். இரண்டும் ஒரே சொல்! லத்தீனில் தலைக்கு ‘காபுத்’. பாரிஸ் பக்கத்துப் பேச்சில், ‘ஆ’ என்ற உயிருக்கு முன்னால் நின்ற ‘க்’ முதலில் ‘ச்’ ஆனது. அதற்குப் பின்னால் அழுத்தி உச்சரிக்கப்பட்ட ‘ஆ’, ‘இயே’ என்று மாறியது. ‘காபுத்’ இப்படி ‘சியேஃப்’ ஆயிற்று. அந்த நிலையில் ஆங்கிலேயர் அதைக் கடன் வாங்கினார்கள், அதுதான் ‘சீஃப்’. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஐயும் ஈயும் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். பிறகு 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் ‘ச்’சையும் மழித்து ‘ஷ்’ ஆக்கினார்கள், நாளடைவில் ‘இயே’வும் வெறும் ‘எ’ ஆனது. ‘ஷெஃப்’ வந்துவிட்டது. பல நூற்றாண்டு கழித்து ஆங்கிலேயர் அதையும் கடன் வாங்கினார்கள், இந்த முறை சமையற்கட்டுக்கு.

‘காஸா’ நடந்ததும் இதே ஒற்றையடிப் பாதைதான். ‘காபுத்’ - ‘சியேஃப்’ - ‘ஷெஃப்’. ‘காருஸ்’, அதாவது அருமையான - ‘சியேர்’ - ‘ஷேர்’. ‘காஸா’ - ‘சியேஸ்’ - ‘ஷே’. மூன்றும் உடன்பிறந்தவை மாதிரி. நாயும் குதிரையும் வயலும் கரியும் பிரெஞ்சில் ‘ஷ’வில் தொடங்குவதற்கும், இத்தாலியில் அவையெல்லாம் ‘க’விலேயே நிற்பதற்கும் காரணம் இதுதான்.

ஒரு விஷயம் மட்டும் விதிக்கு அடங்கவில்லை. கடைசி ‘ஆ’ இப்படி முழுசாக விழுந்திருக்கக்கூடாது, ‘சியேஸ’ என்று ஒரு சின்ன வாலாவது மிஞ்சியிருக்க வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு அது மிஞ்சியது. ஆனால் அடுத்த சொல்லின் மேல் சாய்ந்துகொண்டு, தனக்கென்று அழுத்தம் இல்லாமல் போகிற சொற்கள் சீக்கிரம் தேயும். நம் ‘இலிருந்து’ பேச்சில் ‘லேர்ந்து’ ஆனதைப் போல. தேய்மானத்துக்கு விதி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

எழுதும்போது இந்தச் சொல்லின் கடைசியில் ‘ஸெத்’ என்ற எழுத்து, ஆங்கில இஸட், சும்மா உட்கார்ந்திருக்கும். ‘மூக்கு’ என்று பொருள்படும் ‘நே’ என்ற சொல்லிலும் அப்படித்தான். உச்சரிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். ஆனால் அடுத்து உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் அது உயிர்பெறும். ‘அவளிடம்’ என்பதை ‘ஷே எல்’ என்று சொல்வதில்லை, ‘ஷேஸெல்’ என்பார்கள். அந்த நடு ஒலி வேறெதுவும் இல்லை, ‘காஸா’வின் ‘ஸ்’தான். இரண்டு உயிருக்கு நடுவில் இருந்தது, இரண்டாயிரம் வருடம் கழித்து மறுபடி இரண்டு உயிர் கிடைத்தால் எட்டிப்பார்க்கிறது.

செத்துப்போன பெயர்ச்சொல்லின் எலும்புகள் ஊர்ப்பெயர்களில் கிடக்கின்றன. மத்திய பிரான்சின் மலைப்பகுதியில், ஓத்-லுவார் மாவட்டத்தில், ‘லா ஷேஸ்-தியூ’ என்று ஓர் ஊர். 1043ல் ரொபேர் த துர்லாந்த் என்ற துறவி மடம் நிறுவிய இடம். இன்றைய பிரெஞ்சுக்காரர் காதில் அது ‘கடவுள் நாற்காலி’ என்று விழும், ‘ஷேஸ்’ என்றால் நாற்காலி என்பதால். உண்மையில் அது ‘காஸா தேயி’, கடவுளின் வீடு. ‘காஸா’வுக்கு அர்த்தம் மறந்துபோன பிறகு, பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். அதே லத்தீன் சொல் ‘காஸ்’ என்று பின்னாளில் வேறு வாசல் வழியாகப் பிரெஞ்சுக்குள் மறுபடி நுழைந்தது; அதற்குக் குடிசை என்றும் பொருள், சதுரங்கப் பலகையின் கட்டம் என்றும் பொருள், அரசாங்கப் படிவத்தில் டிக் அடிக்கும் பெட்டிக்கும் அதுவே பெயர். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகப் போன ரியூனியன் தீவில், கிரியோல் மொழியில் வீட்டுக்கு இன்றைக்கும் ‘காஸ்’தான்.

வீடு உருபாகத் தேய்வது பிரெஞ்சுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வேஜியன் மொழிகளில் வீடு ‘ஹூஸ்’. அது தேய்ந்து, ‘ஷே’ வரும் இடத்திலெல்லாம் வருகிற ‘ஹோஸ்’ ஆயிற்று. யாரைப் பார்த்தும் யாரும் செய்ததில்லை. ஸ்பெயினில் பேசப்படும் கத்தலானில் ‘காஸா’வே ‘கா’ என்று பாதியாகி, இன்னார் வீடு என்பதைச் சொல்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குக் கொடுக்கும் பட்டியலில் கண், கால், அகம், கடை, தலை என்று வரிசையாகப் பெயர்ச்சொற்கள்தான். அந்த ‘அகம்’ சில வீடுகளில் ‘ஆத்துல’ என்று இன்றும் புழங்குகிறது.

பிறப்பைத் தெரிந்துகொண்டால் இலக்கணம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘ஷே’வுக்குப் பின்னால் எப்போதும் ஆள் ஏன் வரவேண்டும்? வீடு என்றால் அதற்குச் சொந்தக்காரர் வேண்டும். ரொட்டிக்காரருக்கு வீடு உண்டு, ரொட்டிக்கடைக்கு வீடு கிடையாது. பழைய காலத்துக் கைவினைஞர் கீழே பட்டறையும் மேலே குடித்தனமுமாக இருந்தவர், அவர் வீட்டுக்குப் போவதும் கடைக்குப் போவதும் ஒன்றுதான். அதேபோல் ‘ஷே’வுக்கு முன்னால் ‘இருந்து’ என்ற பொருளுள்ள ‘த’ வரலாம், ‘முன்னால்’ என்ற சொல் வரலாம், ‘வரைக்கும்’ என்பதும் வரலாம். ‘என்’ மட்டும் வராது. அதை ‘ஷே’ எப்போதோ விழுங்கிவிட்டது.

முடிதிருத்துபவரிடம் போவதை ‘ஓ க்வாஃபேர்’ என்று சொல்லும் பிரெஞ்சுக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. இந்த ‘ஓ’ அந்த ‘ஆ’வின் இன்னொரு வடிவம். ஆளுக்கு இடத்தின் உருபைப் போட்டுவிட்டார்கள் என்று படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பள்ளியில் அதற்காக அடிக்கோடு வாங்காத பிரெஞ்சுப் பிள்ளை குறைவு. ஆனால் சண்டை சூடுபிடிப்பது சூப்பர் மார்க்கெட் வாசலில். லெக்லேர் என்பது அதை 1949ல் தொடங்கிய எதுவார் லெக்லேரின் பெயர், ஆகவே ‘ஷே’. கார்ஃபூர் என்றால் நாற்சந்தி. முதல் கடை அன்னெசி ஊரில் ஒரு நாற்சந்திப் பக்கம் இருந்ததால் வந்த பெயர். நாற்சந்தி ஆளில்லை, எனவே ‘ஆ’ போடு என்பது கறார்ப் பேர்வழிகளின் தீர்ப்பு. பிரான்சில் பாதிப் பேர் அதைக் காதில் வாங்காமல் எல்லாக் கடைக்கும் ‘ஷே’ போடுகிறார்கள், ரெனோ, கூகுள் என்று எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாலும் ‘ஷே’தான். எனக்கு இதில் தப்பு தெரியவில்லை. கம்பெனியை ஓர் ஆள் மாதிரி பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த உதாரணம் ‘காசினோ’ கடை. ஷொஃப்ருவா கிஷார் 1898ல் சேந்த்-எத்தியேன் நகரில் தொடங்கியது, அந்த ஊர்க் கால்பந்து மைதானத்துக்கு இன்றும் அவர் பெயர். பழைய காசினோ ஒன்று இருந்த கட்டடத்தில் மளிகை வியாபாரம் நடந்ததால் அந்தப் பெயர். இத்தாலியனில் ‘காஸா’ வீடு, ‘காசினோ’ சின்ன வீடு. ஆக ‘ஷே காசினோ’ என்று ஒருவர் சொல்லும்போது ‘காஸா’வை இரண்டு தடவை சொல்லிவிடுகிறார், கறிவேப்பிலை வாங்கப் போகிற அவசரத்தில் அவருக்கு அது தெரியாது.

இளவட்டங்களின் பேச்சில் இன்னொரு வேடிக்கை. ‘த ஷே தியோர்’ என்றால் தியோர் என்ற ஆடம்பர ஆடைக் கம்பெனி வீட்டுச் சரக்கு, அசல் உயர்ரகம். இதைக் கிண்டலாக எடுத்து, எந்தப் பண்புச் சொல்லையும் இரண்டு பக்கமும் வைத்து நடுவில் ‘த ஷே’ போட்டுவிடுவார்கள். ‘நுல் த ஷே நுல்’. ‘நுல்’ என்றால் மட்டம்; மட்டம் என்ற கம்பெனியே தயாரித்து அனுப்பிய மட்டம். நாம் ‘மட்டத்திலும் மட்டம்’ என்போமே, அதில் கம்பெனி முத்திரை குத்தியது போல.

கடைசியாக ‘ஷே நூ’. மொழிபெயர்க்கும்போது என்னை அதிகம் யோசிக்கவைக்கும் தொடர் இதுதான். பிரெஞ்சில் ‘நூ’ ஒன்றுதான்; தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. விருந்தாளியிடம் ஒரு பிரெஞ்சு அம்மாள் ‘ஷே நூ’ இப்படித்தான் சமைப்போம் என்று சொன்னால் பொருள் ‘எங்கள் வீட்டில்’. அதே வாக்கியத்தைத் தமிழ் அம்மாள் சொன்னால், வந்தவரை வெளியே நிறுத்த மனசு வராமல் ‘நம்ம வீட்டுல’ என்றுதான் வாயில் வரும். பிரான்சின் தீவிர வலதுசாரிக் கூட்டங்களில் தொண்டர்கள் தாளம் போட்டுக் கத்தும் கோஷம் ஒன்று உண்டு: ‘ஓன் ஏ ஷே நூ’, இது எங்கள் இடம். குடியேறி வந்தவர்களைப் பார்த்துச் சொல்வது. அதைத் தமிழில் ‘நம் இடம்’ என்று போட்டால் கோஷமே கவிழ்ந்துவிடும். அங்கே ‘எங்கள்’தான் போட வேண்டும்.